கோடை உழவு

ஆண்டுதோறும் ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் மேட்டூர் அணையை மூடுவதும், ஜூன் 12ஆம் நாள் திறப்பதும் நெடுங்கால மரபு. மழை பொய்த்த ஆண்டுகளிலும் மிகுந்த ஆண்டுகளிலும் அந்த நாட்கள் முன்பின்னாக நகர்ந்திருக்கின்றன என்றாலும், காவிரிப் படுகையின் நாட்காட்டி இன்றும் இவ்விரு தேதிகளுக்கு இடையேதான் மூச்சு விடுகிறது. அணை மூடிய சில நாட்களில் எங்கள் குடவாசலில் சோழசூடாமணி ஆறு மெலிந்து, குட்டை குட்டையாகத் தேங்கி, பின்னர் வெறும் மணலாகக் கிடக்கும். சம்பா அறுவடையும் அதையொட்டி முடிந்துவிடும். வயல்களில் தாள்கள் மட்டும் நிற்கும்.

நாம் பங்கு கொள்ளும் ஓட்டப் பந்தயங்களின் பருவமும் ஏறத்தாழ அதே வேளையில்தான் முடிவடைகிறது. சென்னையில் ஜனவரித் தொடக்கத்தில் நடைபெறும் மாரத்தானுக்குப் பிறகு, வெயில் ஏறத் தொடங்கி விடுவதால், தமிழ்நாட்டில் நெடுந்தூரப் பந்தயங்கள் அருகிவிடுகின்றன. ஐம்பது வயதைக் கடந்த பின்னர் ஓடத் தொடங்கிய நாம், அந்தப் பந்தயத்தில் 42 கிலோமீட்டரையும் அதன் மேல் 195 மீட்டரையும் ஓடியும் நடந்தும் முடித்துவிட்டு ஊர் திரும்புவோம். சில வாரங்கள் ஓய்வு. அதற்குப் பிறகு மாசியிலிருந்து ஆனி வரை ஆற்றங்கரையில் மீண்டும் ஓட்டம். இந்த மாதங்களில் பந்தயமும் இல்லை, பரிசும் இல்லை, பார்ப்பவரும் இல்லை.

பார்ப்பவர் இல்லை என்று சொன்னது முற்றும் உண்மையன்று. சென்ற சித்திரையில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகை முடித்துச் சேங்காலிபுரம் செல்லும் பக்கமாக ஓடிக் கொண்டிருந்தோம். அறிமுகமான விவசாயி ஒருவர் வாடகை டிராக்டரை விட்டுத் தம் வயலை உழச் செய்து, வரப்பில் நின்று மேற்பார்த்துக் கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் கையசைத்து நிறுத்தினார்.

"என்ன பாய், பந்தயந்தான் பொங்கலுக்கு முந்தியே முடிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க. இன்னும் யாரு தொரத்துறான்னு இப்படி ஓடுறீங்க?"

"அறுப்பு முடிஞ்சு மாசக் கணக்காச்சு அண்ணே. தண்ணி வர இன்னும் நாளு கெடக்கு. நீங்க எதுக்கு இப்ப உழுவுறீங்க?" என்று கேட்டோம்.

அவர் சிரித்துவிட்டார். "இது கோடை உழவு பாய். இதுல ஒண்ணும் வெளையாது. ஆனா இத உழுவாட்டி அங்க ஒழுங்கா வெளையாது" என்றார்.

பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி முடியவில்லை. அவருக்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிட்டோமே தவிர, நமக்கு நாமே பதில் சொல்லிக் கொண்டோமா என்பது ஐயமாகவே இருந்தது. அவருடைய உழவுக்குப் பின்னால் ஒரு விளைச்சல் நிச்சயமாக நிற்கிறது. நம் ஓட்டத்துக்குப் பின்னால் என்ன நிற்கிறது? உடல்நலம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நலத்துக்கு நாள்தோறும் அரைமணி நேர நடை போதுமே. இத்தனை தூரம் தேவையில்லை என்பதை எந்த மருத்துவரும் சொல்லுவார். அடுத்த பந்தயத்துக்கான ஆயத்தம் என்றும் சொல்லலாம். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பின்னே, பந்தல் பிரிக்கும் நேரத்தில் வந்து சேருகிற ஒருவன் எதற்காக ஆயத்தம் செய்ய வேண்டும்? யாரும் காணாத, யாரும் கணக்கிடாத, யாருக்கும் பயன்படாத ஒரு முயற்சிக்கு மதிப்பு உண்டா? உண்டெனில் அதைத் தருவது எது? இதுதான் கேள்வி.

இதற்கு விடை தேடப் புகும்போது, நெடுந்தூர ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களின் வாழ்க்கையைப் பார்ப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் நான்கு வரியில் வந்து மறையும் செய்திகளை வெட்டி வைத்துக் கொள்ளும் வழக்கம் நம் இளமையிலேயே தொடங்கியது. பீகாரில் பிறந்து இந்திய இராணுவத்தில் பணியாற்றிய சிவநாத் சிங், 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் மாரத்தானில் 11ஆம் இடம் பெற்றார். 1978ஆம் ஆண்டு ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் அதே தூரத்தைக் கடந்தார். அந்த இந்தியச் சாதனை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் முறியடிக்கப்படாமல் நின்றது. 2003இல் அவர் மறைந்தபோது எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? கிரிக்கெட்டில் ஓர் ஓவரில் அடிக்கப்படும் ஓட்டங்களுக்குக் கிடைக்கும் மையில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்குக் கிடைத்ததில்லை. இது நம் ஆதங்கம். கட்டுரைக்கு இதனால் பயனில்லை என்பதால் இதோடு விடுவோம்.

பயனுள்ளது வேறொன்று. நியூசிலாந்து நாட்டில் ஆர்தர் லிடியார்டு என்றொருவர் இருந்தார். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குடும்பச் செலவை ஈடுகட்டப் பால் விநியோகமும் செய்தவர். ஓட்டக் கலையை அவருக்குக் கல்லூரி எதுவும் கற்பிக்கவில்லை. தம் உடலையே சோதனைச் சாலையாக்கி, அளவுக்கு மிஞ்சி ஓடி நொந்தும், குறைத்து ஓடித் தளர்ந்தும், ஆண்டுக் கணக்கில் சோதித்து ஒரு முடிவுக்கு வந்தார். பந்தயப் பருவத்துக்கு வெகு முன்னதாக, மாதக் கணக்கில், வாரத்துக்கு நூறு மைல் அளவில், விரைவின்றி ஓடி அடித்தளம் இடவேண்டும். அதன் மேல் குன்றேறும் ஓட்டம். அதற்கும் பின்னரே வேகப் பயிற்சி. இதுவே அவர் கண்ட முறை. 800 மீட்டர் ஓடுகிற ஒருவரைக்கூட அவர் மலைப்பாதையில் 22 மைல் ஓட வைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலான ஓட்டமா என்று கேட்டவர்களுக்கு 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ரோம் நகரில் விடை கிடைத்தது. அன்று ஒரே நாளில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், இளமையில் ரக்பி ஆட்டத்தில் காயமுற்று இடக்கை செயலிழந்த மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள்.

லிடியார்டின் முறை ஏன் பலிக்கிறது என்பதைப் பின்னர் உடலியல் அறிஞர்கள் விளக்கினார்கள். பேசிக் கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் நெடுநேரம் ஓடுகையில் இதயத்தின் அறை விரிவடைந்து ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் கூடுகிறது. தசைகளினூடே நுண்ணிய இரத்த நாளங்கள் புதிதாகக் கிளைக்கின்றன. தசை அணுக்களுக்குள் பிராணவாயுவைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன. உடல் தன் கொழுப்பை எரிபொருளாகக் கொள்ளப் பழகுகிறது. இவையெல்லாம் ஒரு வாரத்தில் நிகழ்வன அல்ல. அதிலும், நுரையீரலும் இதயமும் விரைவில் பழகிவிட, தசைநாண்களும் எலும்பும் மிகத் தாமதமாகவே உறுதி பெறுகின்றன. மூச்சு 'ஓடு' என்று சொல்லும். கணுக்கால் 'பொறு' என்று சொல்லும். இவ்விரண்டில் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் ஓர் ஓட்டக்காரனின் ஆண்டு நிர்ணயிக்கப்படுகிறது.

நம் வயல்களும் இதையே செய்கின்றன. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாட்களுக்கு முன்னரே, நிற்கிற பயிரின் ஊடே உளுந்தையும் பச்சைப்பயற்றையும் நம் விவசாயிகள் தெளித்து விடுவார்கள். நெல் அறுபட்ட பின், நீர் பாய்ச்சாமலேயே, மண்ணில் மீந்த ஈரத்தையும் பனியையும் குடித்து அது வளரும். (இயந்திர அறுவடை வந்த பிறகு அதன் பட்டைச் சக்கரத்தில் முளைகள் நசுங்கிப் போவதாகக் குறைப்படுகிறார்கள். அது தனிக் கதை.) பயறு எடுத்த பின் கோடை மழை ஒன்று விழுந்தால் உழவு. புரண்ட மண் அடுத்த மழையை உள்ளே வாங்கிக் கொள்ளும். மண்ணுக்குள் உறங்கும் பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் களைகளின் வேர்களும் வெயிலில் காய்ந்து மடியும். தரிசு என்று நாம் சொல்லுகிற அந்தக் காலத்தில் நிலம் சும்மா இருப்பதே இல்லை.

உவமை அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக மகிழ்ந்துவிட நமக்குத் தயக்கம். ஏனெனில் நிலத்துக்கு வெட்கம் கிடையாது. மனிதனுக்கு உண்டு. மெதுவாக ஓடுவது என்பது சொல்லுவதற்கு எளிது, செய்வதற்கு அரிது. அதன் அருமை உடலில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

இரண்டாண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது தூரத்தையும் வேகத்தையும் செயற்கைக்கோளின் துணையால் அளந்து காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கியிருந்தோம். அன்றாட ஓட்டத்தைக் கைப்பேசியின் வழியே நண்பர்கள் எல்லோரும் பார்க்க முடியும், பாராட்டவும் முடியும். அந்தக் கோடையில் நாம் ஓடியிருக்க வேண்டிய வேகம் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். ஆனால் எட்டு என்ற எண்ணைப் பிறர் காண்பார்களே என்ற எண்ணம் வந்ததும் கால்கள் தாமாக விரைந்தன. ஏழரை, ஏழு என்று இறங்கியது. ஒரு நாள் கல்லூரி மாணவர் ஒருவர் நம்மைக் கடந்து சென்றார். வணக்கம் சொல்லித்தான் சென்றார். அவர் பின்னாலேயே ஒரு கிலோமீட்டர் தூரம் ஓடினோம். வைகாசி முழுவதும் கெண்டைக்கால் தசை கிழிந்து திண்ணையில் அமர்ந்திருந்தோம்.

திண்ணையில் அமர்ந்திருந்த அந்த நாட்களில் ஓர் உண்மை புலப்பட்டது. மெதுவாக ஓடுபவன் தன்னை மெதுவாக ஓடுபவனாகப் பிறர் காண்பதற்குச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் இல்லாதவனுக்கு அடித்தளம் அமையாது. பணிவு என்பதை நாம் ஒழுக்க நூல்களில் மட்டுமே படித்திருந்தோம். அது தசைக்கும் தேவைப்படும் சத்து என்பதை அன்றுதான் அறிந்தோம். கென்யாவின் மேட்டு நிலங்களில் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களுடைய காலை ஓட்டத்தைக் கண்டு வந்தவர்கள் வியந்து எழுதுவது, அவர்களுடைய வேகத்தைப் பற்றியன்று. முதல் சில கிலோமீட்டர்களில் அவர்கள் ஓடும் மெதுவைப் பற்றியே. 2022ஆம் ஆண்டு பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் மாரத்தானை முடித்த எலியூட் கிப்சோகே, தம் பயிற்சிகளையெல்லாம் நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி வைத்துக் கொள்ளும் வழக்கமுடையவர். உலகப் புகழ் பெற்ற பின்னரும் கப்டகாட் என்னும் ஊரிலுள்ள பயிற்சி முகாமில் கழிவறை கழுவும் முறை தமக்கு வரும்போது தவறாமல் செய்தவர். விரைவாக ஓடக் கூடியவருக்கே மெதுவாக ஓடும் துணிவும் வாய்க்கிறது போலும்.

ஆனால் தொழில்முறை ஓட்டக்காரர்களை அப்படியே உயர்த்திப் பேசிவிட்டு நிறுத்த முடியவில்லை. காணாத பருவத்துக்கு மற்றொரு முகமும் இருக்கிறது.

1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் வென்ற கனடா நாட்டின் பென் ஜான்சன் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். மறு ஆண்டு அந்நாட்டில் நீதிபதி டூபின் தலைமையில் நடந்த விசாரணை, பதக்கம் பறிபோனதைவிடப் பெரிய உண்மையொன்றை வெளிக்கொணர்ந்தது. மருந்து உட்கொள்ளப்படுவது பந்தய நாளில் அன்று, பயிற்சிப் பருவத்தில். பந்தயம் நெருங்குகையில் நிறுத்திவிட்டால் உடலில் தடயம் எஞ்சாது. பெற்ற வலிமை மட்டும் எஞ்சும். அதாவது, யாரும் பார்க்காத காலமே உழைப்பின் காலமாக இருந்தது போலக் களவின் காலமாகவும் இருந்திருக்கிறது.

அதன் பின்னர் விதிகள் கடுமையாயின. இன்று முன்னணி ஓட்டக்காரர்கள், பந்தயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டின் ஒவ்வொரு நாளும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையே ஒரு மணி நேரத்தைக் குறிப்பிட்டு, அந்த நேரத்தில் எங்கிருப்போம் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சோதனையாளர் அறிவிப்பின்றி வந்து கதவைத் தட்டுவார். பன்னிரண்டு மாதங்களுக்குள் மூன்று முறை இதில் தவறினால், மருந்து எதுவும் உட்கொள்ளாதவராயினும், தண்டனைக்கு உள்ளாவார். காணாத பருவத்தையும் காண்பதற்கு உலகம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது.

அந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் காண்கிறது? கென்யாவின் ரூத் செப்ன்கெடிச் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் சிகாகோ நகரில் 2 மணி 9 நிமிடம் 56 விநாடியில் மாரத்தானை முடித்து, 2 மணி 10 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண்மணியானார். 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவரிடம் எடுக்கப்பட்ட மாதிரியில் தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டது. தம் வீட்டுப் பணிப்பெண்ணின் மருந்தை உட்கொண்டதாக அவர் பின்னர் விளக்கம் தந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஆயினும் சிகாகோ ஓட்டம் அந்த மாதிரிக்கு முந்தியது என்பதால் அந்த நேரம் ஏட்டில் நிற்கிறது. நிற்கட்டும், விதிப்படி அது சரியே. ஆனால் அந்த எண்ணைப் படிக்கிற போதெல்லாம் நம் உள்ளம் ஒரு கணம் தயங்குகிறது. அந்த ஓட்டத்தின் முழு உண்மையை அறிந்தவர் உலகில் ஓரிருவருக்கு மேல் இருக்க முடியாது.

இதை எழுதிவிட்டுப் பெருமூச்சு விட்டு, 'காலம் கெட்டுப் போயிற்று' என்று முடித்திருக்கலாம். அப்படி முடிக்க விடாமல் நம்மைத் தடுப்பது நம்முடைய சொந்தக் கணக்கு ஒன்று.

கால் ஆறிய பின்னர் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டோம். மனக்கணக்கில் ஓடினோம். வீட்டிலிருந்து ஆற்றுக் கரையில் ஒரு மதகு வரை ஐந்து கிலோமீட்டர். போய் வந்தால் பத்து. சென்ற பங்குனியில் ஒரு நாள், மதகுக்குக் கால் கிலோமீட்டர் இருக்கையில் திரும்பிவிட்டோம். காரணம் ஒன்றுமில்லை, அலுப்பு. திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் நண்பர் கேட்டார், "இன்னிக்கு எவ்வளவு?" என்று. "பத்து" என்றோம்.

அரைக் கிலோமீட்டர் பொய். யாருக்கு நட்டம்? ஒருவருக்கும் இல்லை. பதக்கம் எவரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை, பணம் கைமாறவில்லை, நண்பருக்கு அந்த எண் மறுகணமே மறந்திருக்கும். ஆனால் சோதனையாளர் வந்து தட்டாத கதவுக்குள் நாம் செய்ததும், சிகாகோ ஏட்டின் மீது நாம் ஐயுறுவதும், அளவில் வேறேயன்றி வகையில் வேறா என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். உறக்கம் வரத் தாமதமாயிற்று.

சிறு வயது நோன்பு நாட்கள் நினைவுக்கு வந்தன. பள்ளிவாசல் ஹவுளில் ஒளுச் செய்யும்போது, வாய் கொப்பளிக்கும் நீரில் ஒரு மிடறு உள்ளே போனால் யாருக்குத் தெரியும்? பக்கத்தில் நிற்கும் தகப்பனாருக்கும் தெரியாது. அந்த நீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்பது இன்றும் நாவில் இருக்கிறது. விழுங்கிய நாளும் உண்டு. துப்பிய நாளும் உண்டு. இரண்டு நாட்களிலும் மாலையில் அதே கஞ்சி, அதே பேரீச்சம்பழம், வீட்டாரிடம் அதே பாராட்டு. ஆனால் துப்பிய நாளின் கஞ்சிக்கு வேறொரு சுவை இருந்தது. நோன்பு என்பதன் பொருளை ஆலிம்கள் சொல்லிக் கேட்டதைவிட, அந்த ஒரு மிடறு நீர் நமக்கு அதிகமாகச் சொல்லித் தந்தது.

எங்கள் ஊரின் பழைய கதையும் ஒரு மிடறு நீரைப் பற்றியதே. சோழனிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்து, நீர் கேட்டு, காலந்தாழ்த்துத் தரப்பட்டபோது அதைக் கையில் வைத்திருந்தும் பருகாமல் உயிர் விட்டான் என்று புறநானூற்றின் 74ஆம் பாட்டின் குறிப்பு கூறுகிறது. அந்தக் குடவாயிலே இந்தக் குடவாசல் என்பர். நாம் அந்த மன்னனைப் பெரிதும் வியந்து வளர்ந்தவர்கள். எனினும் இப்போது தோன்றுகிறது: அவனுக்குக் காவலர் இருந்தனர், பாட்டு இருந்தது, ஈராயிரம் ஆண்டு கழித்தும் பேசப்படும் புகழ் இருந்தது. ஹவுளின் ஓரத்தில் குனிந்து நிற்கும் பத்து வயதுப் பையனுக்கு அவையெதுவும் இல்லை.

முயற்சியின் மதிப்பைப் பார்வையாளர் தருவதில்லை என்று நாம் சொல்லப் போகிறோம் என வாசகர் எதிர்பார்க்கக்கூடும். அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாதபடி நம் தமிழ்நாட்டு வீரர் ஒருவர் குறுக்கே நிற்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோவிந்தன் இலட்சுமணன் இராணுவத்தில் பணியாற்றியவர். 2017ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். மறு ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். கொடியைப் போர்த்திக் கொண்டு மகிழ்ந்தார். சற்று நேரத்தில் வெண்கலம் அவருக்கு இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஓட்டத்தின் நடுவே ஒரு கணம் அவருடைய கால் ஓடுபாதையின் உட்பக்க எல்லைக்கு அப்பால் பட்டிருந்தது. இருபத்தைந்து சுற்று, அதில் ஓர் அடி.

எத்தனை ஆண்டுப் புலர்காலைகள் அந்த ஓட்டத்துக்குள் அடங்கியிருந்தனவோ, அவற்றில் ஒன்றையும் எவரும் காணவில்லை. கண்டதெல்லாம் அந்த ஓர் அடியைத்தான். இது அநீதி என்று அன்று நம் வீட்டில் குரல் எழுந்தது, நாமும் கோபப்பட்டோம். ஆறிய பின் நினைத்தால், விதி சரியே என்றுதான் தோன்றுகிறது. எல்லைக் கோடு எல்லோருக்கும் ஒன்று. வேண்டுமென்றே செய்தாரா, ஆதாயம் பெற்றாரா என்று விதி கேட்கத் தொடங்கினால் ஒவ்வொரு பந்தயமும் வழக்குமன்றத்தில் போய் முடியும். பார்வையாளரும் நடுவரும் காண்பதை மட்டுமே கொண்டு தீர்ப்பளிக்க முடியும், அளிக்கவும் வேண்டும். அவர்களிடம் போய் 'நான் காணாத பருவத்தில் உழைத்தேன்' என்று வாதாடுவது பொருந்தாது. அதே காரணத்தால், அவர்களுடைய தீர்ப்பு அந்தப் பருவத்தைத் தொடவும் இல்லை. பதக்கம் ஒரு சீன வீரருக்குச் சென்றது. அந்தப் புலர்காலைகள் எவரிடமும் செல்லவில்லை, செல்லவும் முடியாது.

இலங்கையின் இரணதுங்க கருணானந்தவின் கதையும் இங்கே நினைக்கத் தக்கது. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் முடித்துவிட்ட பிறகும் அவர் தனியாகச் சுற்றிச் சுற்றி ஓடிக் கொண்டிருந்தார். கூட்டம் முதலில் நகைத்தது. அவர் நிறுத்தாததைக் கண்டு பின்னர் எழுந்து நின்று ஆரவாரித்தது. ஜப்பானியப் பள்ளிப் பாடநூலில் அவர் கதை இடம் பெற்றது. கைதட்டலை எல்லோரும் சொல்லுகிறார்கள். அதற்கு முந்திய அந்த நகைப்பின் நடுவே அவர் வைத்த அடிகளைப் பற்றியே நாம் அதிகம் எண்ணுகிறோம். கைதட்டல் வரும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

இவ்வளவும் எழுதிய பின் ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். நம் ஓட்டத்தை ஏதோ தவம் போல வரைந்து காட்டிவிட்டோமோ என்ற அச்சம் இருக்கிறது. தொழில்முறை ஓட்டக்காரருக்கு ஓட்டம் சோறு. காயம் என்றால் வருமானம் இல்லை. நமக்கோ அது வயிறு நிறைந்த பின் வரும் உழைப்பு. குறுவைக்கு நாற்று நடும் பெண்கள் காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் சேற்றில் பின்னோக்கி நடக்கிறார்களே, அவர்களிடம் போய் 'இந்தக் கோடையில் அடித்தளம் இட்டோம்' என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. நாம் ஓடும் கரையோரமாகவே அவர்கள் தலைச்சுமையோடு நடந்து வருகிறார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கும் நேரத்தில் நம் ஓட்டத்தின் நிறை எவ்வளவு என்பது தெரிந்துவிடுகிறது. அது பெரியதன்று. ஆனால் சிறியதாக இருப்பதனாலேயே, அதில் நேர்மையாக இருப்பதற்கு நமக்குச் சாக்கு எதுவும் இல்லை. பதக்கம் வேண்டிப் பொய் சொல்லுபவருக்காவது ஒரு பதக்கம் இருக்கிறது.

வைகாசியில் ஒரு நாள் இரவு நல்ல மழை. மறுநாள் காலை ஆற்றங்கரை சேறாகிக் கிடந்தது. மதகுக்குச் செல்லும் வழியில், முன்பு திரும்பிய அதே இடத்தில் கால்கள் தயங்கின. மதகு வரை சென்று, அதன் கைப்பிடிச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். உழுத வயல் நீரை உள்ளிழுத்துக் கொண்டு கறுத்துக் கிடந்தது. வழியில் ஆடு மேய்ப்பவர்கள் இருவருக்கு ஒதுங்கி நின்றதில் நேரம் போயிற்று. தேநீர்க் கடையில் அதே நண்பர் இருந்தார்.

"என்ன காக்கா, இன்னிக்கு எவ்வளவு?"

"இன்னிக்குப் பத்து. பங்குனியில ஒரு நாள் பத்துன்னு சொன்னேனே தம்பி, அது ஒன்பதரைதான்."

அவருக்கு எந்த நாள் என்றே நினைவில்லை. ஒரு தேநீர் சொன்னார்.